சோற்றின் மேல் மீல்மேக்கர்: எடை குறைப்பவர்கள் சோயாவில் செய்யும் தவறுகள்

ஏப்ரல் 15 வந்தால் எங்கள் பக்கம் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலை கையைக் கடிக்கும். பாம்பனிலும் மண்டபத்திலும் பல வீடுகளில் மீன் இருந்த இடத்துக்கு முட்டையும் மீல்மேக்கரும் வந்து சேர்வது அப்போதுதான். மாவுச்சத்தைக் குறைத்து எடை இறக்கிக்கொண்டிருப்பவர்கள் தடம் மாறுவதும் அந்த இரண்டு மாதத்தில்தான்.

என் மதினி மண்டபத்தில் இருக்கிறார். போன தடைக்காலத்தில், "சோத்தைக் குறைச்சுட்டேன், சோயாதான் சாப்பிடுறேன், ஒரு கிலோகூட இறங்கலையே" என்று ரொம்ப வருத்தப்பட்டார். ஒருநாள் மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தட்டைப் பார்த்தேன். சோறு உண்மையிலேயே குறைந்திருந்தது, சுமார் 200 கிராம்தான். அதன் மேல் மீல்மேக்கர் குருமா. குருமாவில் உருளைக்கிழங்கு, கெட்டியாக வருவதற்குப் பொட்டுக்கடலை அரைத்தது. ராத்திரிக்கு இரண்டு பரோட்டா, தொட்டுக்கொள்ள அதே குருமா.

கணக்கு இங்கேதான் உதைக்கிறது. 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து உண்டு. அப்படியானால் மத்தியானச் சோறு மட்டும் 56. பரோட்டா ஒன்றுக்குச் சுமார் 30. உருளைக்கிழங்கும் பொட்டுக்கடலையும் தனி. பொதுவாக ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே இருந்தால்தான் அதைக் குறைந்த மாவுச்சத்துச் சாப்பாடு என்கிறார்கள். காலை இட்லியையும் சேர்த்தால் மதினி அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியிருந்தார்.

மீனில் மாவுச்சத்து கிடையவே கிடையாது. அது போன இடத்தை மட்டும் சோயா நிரப்பினால் எடை இறங்க வழியில்லை. சோறும் பரோட்டாவும் உட்கார்ந்திருக்கிற இடத்தைச் சோயா பிடிக்க வேண்டும். நான் பார்த்தவரை மற்ற எல்லாத் தவறையும்விடப் பெரிய தவறு இதுதான்.

அடுத்தது, பாக்கெட்டில் இருக்கும் எண்ணை அப்படியே நம்புவது. 100 கிராம் மீல்மேக்கரில் 52 கிராம் புரதம் என்று போட்டிருக்கும். பொய் இல்லை, ஆனால் அது காய்ந்த உருண்டைக்கான கணக்கு. வெந்நீரில் ஊறினால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனக்கும். ஊறிய பிறகு 100 கிராம் நிறுத்துச் சாப்பிட்டுவிட்டு 52 கிராம் புரதம் கிடைத்தது என்று நினைத்தால், உண்மையில் கிடைத்தது 17, 18 கிராம்தான். அதனால் காய்ந்ததாகவே நிறுத்துப் போடுங்கள். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 30 கிராம் போதும். அதில் புரதம் சுமார் 15 கிராம். மாவுச்சத்து 10 கிராம், அதிலும் நார்ச்சத்தே 4 கிராம் போலப் போய்விடும். இந்த அளவு எந்தத் திட்டத்திலும் தாராளமாக அடங்கும்.

மீல்மேக்கர் என்பது எண்ணெய் பிழிந்தெடுத்த சோயா மாவில் செய்வது. தன்னிடம் கொழுப்பு இல்லாத பண்டம், பஞ்சு மாதிரி எதையும் உறிஞ்சிக்கொள்ளும். மசாலாவைக் குடித்தால் நல்லது. ஆனால் நம் ஆட்கள் சோளமாவு, அரிசிமாவு பிரட்டி, மீல்மேக்கர் 65 என்று எண்ணெயில் போட்டு எடுத்துவிடுகிறார்கள். ஒரு மேசைக்கரண்டி சோளமாவிலேயே 7 கிராம் மாவுச்சத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. தவாவில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, நம்மூர் ராமநாதபுரம் குண்டு மிளகாய் அரைத்துப் பிரட்டிச் சுட்டாலே மொறுமொறுப்பு வந்துவிடும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது சோளமாவு எதற்கு?

சோயா என்று பெயர் போட்டதையெல்லாம் வாங்குவதும் தவறு. சோயா பிஸ்கட்டில் பாதிக்கு மேல் மைதாவும் சர்க்கரையும் இருக்கலாம், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை சேர்த்த சோயாப்பாலும் அப்படித்தான், சேர்க்காததை வாங்குங்கள். சப்பாத்தி மாவில் ஒரு கைப்பிடி சோயா மாவு கலந்தாலும் அது கோதுமைச் சப்பாத்திதான். டோஃபு எனும் சோயா பனீரில் மாவுச்சத்து மிகக் குறைவு. பக்கத்துக் கடையில் கிடைக்காவிட்டால், சோயாப்பாலைக் காய்ச்சி எலுமிச்சை பிழிந்து, திரிந்ததும் துணியில் வடிகட்டி, மேலே ஒரு கனத்தை வைத்தால் போதும்.

சோயா பயறாக வாங்கினால் பச்சையாக அரைத்துக் குடிக்காதீர்கள். புரதம் செரிக்காமல் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது, நன்றாக வெந்தால்தான் அடங்கும். ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் வேகவையுங்கள். வாயுத் தொல்லையும் குறையும். முதல் வாரமே தினமும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டால் வயிறு ஊதத்தான் செய்யும். வாரம் இரண்டு நாளில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள்.

மருந்து சாப்பிடுபவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். தைராய்டு மாத்திரை உடம்பில் சேர்வதைச் சோயா குறைக்கும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, கையோடு ஒரு டம்ளர் சோயாப்பால் என்று இருந்தால் மாத்திரை போட்டும் பலன் குறையும். சில மணி நேரம் இடைவெளி விட்டு, மத்தியானத்துக்குச் சோயாவை வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று குறைக்கவே கூடாது, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் புரதத்தைக் கூட்டும் முன் கட்டாயம் கேட்க வேண்டும். ஆண்கள் சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்று ஒரு பயம் உண்டு. வழக்கமாகச் சாப்பிடும் அளவில் ஆண் ஹார்மோன் குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை, அதை விட்டுவிடலாம்.

சரி, மதினி வீட்டில் என்ன மாற்றினோம் என்று சொல்கிறேன். சுறாப்புட்டு செய்யத் தெரியாத வீடு இந்தக் கரையில் உண்டா? அதே கைப்பக்குவத்தில் மீல்மேக்கர் புட்டு. பொடி உருண்டையை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, இரண்டு தடவை பச்சைத் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்து ஒட்டப் பிழிய வேண்டும். பிழிவதில் சோம்பல்பட்டால் சோயா வாடை போகாது, மதினிக்கு முதலில் பிடிக்காமல் போனதே அதனால்தான். அப்புறம் ஒரு கரண்டி எண்ணெயில் சோம்பு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. மஞ்சள் தூளும் உப்பும் போட்டு, பிழிந்ததைக் கொட்டி, ஈரம் வற்றி உதிர் உதிராக வரும்வரை கிளறவேண்டியதுதான். முருங்கைக்கீரை இருந்தால் கடைசியில் ஒரு பிடி. தட்டில் சோறு இருந்த இடத்தில் இந்தப் புட்டு, பக்கத்தில் அவித்த முட்டை, வெள்ளரிக்காய். சோறு ஆசைக்கு ஒரு சின்னக் கரண்டி.

முதல் வாரம் மதினிக்குத் தலைவலி வந்தது. மாவுச்சத்தைக் குறைத்த புதிதில் உடம்பு தண்ணீரையும் உப்பையும் நிறைய வெளியேற்றும். மே மாத வெயில் வேறு. ரத்த அழுத்தம் இல்லாதவர் என்பதால் உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர் கொடுத்ததும் சரியாயிற்று. தடை முடிந்து ஜூன் நடுவில் படகுகள் கரைக்கு மீன் கொண்டுவரத் தொடங்கியதும் சூடையும் காரலும் மறுபடி தட்டுக்கு வந்தன. புட்டு இப்போது வாரம் இரண்டு நாள். பரோட்டா திரும்பி வரவில்லை.