நுவரெலியா குளிருக்கு வின்டர் டயர் வேண்டுமா?

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் மாதிரி வேகக் கார் வைத்திருப்பவர்கள் ஜனவரி வந்தாலே கேட்பது இதுதான். வேண்டாம் என்பதே என் பதில்.

வின்டர் டயரின் ரப்பர் 7 பாகை செல்சியஸுக்குக் கீழேயும் இறுகிவிடாதபடி மென்மையாகச் செய்யப்படுவது. உறைபனி விழும் விடியற்காலையில் சரி. வெயில் ஏறிய பிறகு றம்பொடை வளைவுகளில் கம்பளைப் பக்கம் இறங்கிப் பாருங்கள். ஸ்டியரிங் குழையும், டயர் மளமளவென்று தேயும், பிரேக் பிடித்தால் கார் நிற்கவும் கூடுதல் தூரம் எடுக்கும். நமக்குத் தொல்லை ஸ்னோ இல்லையே, மழையும் வளைவில் வழிந்து கிடக்கும் சேறும்தான். ஈரத்தில் நல்ல பிடிப்புள்ள ஆல்-சீசன் டயர், அதாவது எல்லாப் பருவத்துக்குமான டயர், தாராளமாகப் போதும்.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கார்களில் சில, வின்டர் டயரோடேயே வந்து இறங்கும். பக்கச் சுவரில் ‘ஸ்டட்லெஸ்’ (ஆணி பதிக்காத வின்டர் டயர்) என்று ஆங்கிலத்தில் இருக்கிறதா, ரப்பர் கட்டைகளில் மெல்லிய நெளிவெட்டுகள் நெருக்கமாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். அப்படியே தயாரிப்புத் திகதியையும் பார்த்துவிடுங்கள்: அது பக்கச் சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும், 3522 என்றால் 2022இன் 35ஆவது வாரம். மாற்றினால் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், நாலுசில்லு இழுவைக் காருக்குக் கட்டாயம்.