யமுனைப் பறவைகளுக்கு ஓமப்பொடி வேண்டாம்

குளிர்காலத்தில் ஊரிலிருந்து யாராவது தில்லிக்கு வந்தால், காஷ்மீரி கேட் பக்கத்து யமுனைப் படித்துறைக்குத்தான் முதலில் அழைத்துப் போவோம். ஆயிரக்கணக்கான கடற்காகங்கள்! படகில் ஏறுமுன் கையில் ஓமப்பொடி பாக்கெட்டைத் திணிப்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். மீனும் பூச்சியும் தின்னும் பறவைகள் அவை. லடாக், மத்திய ஆசியா என்று தொலைவிலிருந்து வருகின்றன. வெயில் ஏறியதும் அவ்வளவு தூரமும் திரும்பிப் பறக்க வேண்டும். உப்பும் எண்ணெயும் அதற்கு உதவாது. காலி பாக்கெட்டும் ஆற்றில்தான் விழுகிறது. குழந்தை கேட்டால் ஒரு பைனாகுலர் கொடுங்கள், போதும்.

அப்புறம், அடிபட்ட பறவையைப் பார்த்தால் துணியால் மெதுவாக மூடி, துளையிட்ட அட்டைப்பெட்டியில், கதகதப்பான இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பெட்டியோடு பறவை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.