பழைய ஆம்ப்ளிஃபையரில் இசைத்தட்டு: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

பரணிலிருந்து இறக்கிய ஆம்ப்ளிஃபையர் ஒரு பக்கம் பாடவில்லை, கரகரவென்கிறது என்பதற்காக அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் தேறும். உதாரணத்துக்கு 1978-இல் வந்த நேட் (NAD) கம்பெனியின் 3020 ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 20 வாட்தான். ஆனாலும் இசைத்தட்டுக்கான ஃபோனோ இன்புட் உள்ளேயே இருக்கிறது. கீழே சொல்லும் சோதனைகள் மற்ற டிரான்சிஸ்டர் ஆம்புகளுக்கும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

ப்ளக்கைச் செருகும் முன் பின்பக்கம் அச்சிட்ட வோல்டேஜைப் பாருங்கள். அமெரிக்காவுக்குச் செய்தது 120 வோல்ட், ஜப்பானுக்குச் செய்தது 100. உங்கள் வீட்டில் 230 என்றால் நேராகச் செருகக் கூடாது, டிரான்ஸ்ஃபார்மரே கருகிவிடும்.

அடுத்தது சீரிஸ் லேம்ப். 60 வாட் குண்டு பல்பை ஃபேஸ் கம்பியில் தொடராக இணைத்து, அதன் வழியாக ஆம்புக்கு மின்சாரம் கொடுங்கள். எலக்ட்ரிஷியனிடம் சொன்னால் ஒரு போர்டே செய்து தருவார். ஸ்பீக்கர் எதையும் மாட்டாமல் ஸ்விட்ச் போடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்துவிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பல்பு மங்கினால், சீரிஸ் லேம்பை எடுத்துவிட்டு நேராக மின்சாரம் கொடுங்கள். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரின் காயில் வெந்துபோகும். இந்த ஒரு அளவைப் பார்க்காமல் நல்ல ஸ்பீக்கரை ஒருபோதும் மாட்டாதீர்கள்.

இனிச் சுத்தம் செய்வது. பாதிக் கோளாறு இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறங்கள். பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டரில் அளந்து, அது வடிந்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். வால்யூம் கன்ட்ரோலின் இடுக்கில் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பலமுறை திருப்புங்கள். செலக்டர் ஸ்விட்சுகளுக்கும் அப்படியே. 3020-இல் பின்பக்கம் ப்ரீ-அவுட்டையும் (முன்பகுதியின் வெளியீடு) மெயின்-இன்னையும் (பவர் பகுதியின் உள்ளீடு) இணைக்கும் 'ப' வடிவக் கம்பிகள் உண்டு. அவை களிம்பேறினால் ஒரு பக்கம் ஊமையாகிவிடும். கழற்றித் தேய்த்துத் துடைத்து, இறுக்கமாகச் செருகுங்கள்.

அப்புறம் போனை ஆக்ஸில் (AUX என்று எழுதிய பொது இன்புட்) இணைத்துக் கேளுங்கள். இரண்டு பக்கமும் பாடி, தட்டு வைத்தால் மட்டும் ஒரு பக்கம் வரவில்லை என்றால், ஃபோனோவில் இடது, வலது ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். கோளாறும் பக்கம் மாறினால் கார்ட்ரிட்ஜோ (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) ஒயரோதான் காரணம். மாறாவிட்டால் ஆம்பின் ஃபோனோ பகுதி. கொர்ரென்ற இரைச்சலுக்கு முதல் சந்தேகம், டர்ன்டேபிளின் தனி எர்த் ஒயர் மாட்டாமல் தொங்குவது.

கெப்பாசிட்டர் உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை. ஒன்றைக் கழற்றியதும் அந்த இடத்திலேயே புதியதைப் பற்றவையுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும்.

டிரான்ஸ்ஃபார்மரே கருகியிருந்தால்தான் வேறு ஆம்ப் வாங்க யோசிப்பேன். வாங்கும்போது ஃபோனோ இன்புட் இருக்கிறதா என்று பாருங்கள். காந்தம் அசையும் எம்எம் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட் வரை. அதோடு, தட்டு வெட்டும்போது பாஸைக் குறைத்து, டிரெபிளைக் கூட்டியிருப்பார்கள். 1954-இல் வந்த ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம்) முறை அது. ஃபோனோ பகுதிதான் ஒலியைப் பெருக்கி, அந்த ஏற்ற இறக்கத்தையும் சரிசெய்கிறது. புது ஆம்பில் அது இல்லையென்றால் தனி ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்கி ஆக்ஸில் மாட்டுங்கள். ஃபோனோ உள்ள ஆம்பில் அதைக் கொண்டுபோய் ஃபோனோ சாக்கெட்டில் செருகினால் பெருக்கம் இரண்டு முறை நடந்து, பாட்டு உடைந்து அலறும்.