சைக்காலஜி பரீட்சைல பெர்செப்ஷன் (புலனுணர்வு) பேப்பர்ல எல்லாரும் வழுக்குற இடங்கள்

நோட்ஸ்ல முதல் வரியே "கண்ணு ஒரு கேமரா மாதிரி"ன்னு எழுதிடுவோம், அங்கயே பாதி போச்சு. கேமரா ஃபோட்டோ முழுக்க ஒரே தெளிவா எடுக்கும், கண்ணு அப்படி இல்ல. கைய நீட்டி கட்டைவிரல் நகத்தப் பாருங்க, ஏறக்குறைய அவ்ளோதான் ஃபோவியா (ரெட்டினா நடுவுல இருக்குற சின்னக் குழி) பளிச்சுன்னு பாக்குற இடம். பார்வைய நகத்துலயே வச்சுக்கிட்டு கொஞ்சம் தள்ளி இருக்குற எழுத்தப் படிக்க ட்ரை பண்ணுங்க, முடியாது.

அடுத்தது நான் இன்டர்னல்ல மார்க் விட்ட இடம். இடது கண்ணு வலது மூளைக்குப் போகும்னு எழுதி வச்சேன், சுத்தத் தப்பு. கணக்கு கண்ணுல இல்ல, பார்வைப் புலத்துல. நேரா ஒரு புள்ளியப் பாத்தா அதுக்கு இடதுபக்கம் இருக்குறது ரெண்டு கண்ணுலயும் ரெட்டினாவோட (கண்ணுக்குள்ள பின்னாடி ஒளி விழுற திரை) வலது பாதியிலதான் விழும், அதுல மூக்குப் பக்க நரம்பு மட்டும் ஆப்டிக் கயாஸ்மால (ரெண்டு கண்ணு நரம்பும் மூளைக்கு அடியில சந்திக்குற இடம்) கிராஸ் ஆகும், காதுப் பக்கத்து நரம்பு அதே பக்கமே போயிடும், அதனால இடது புலம் மொத்தமும் மூளையோட வலது ஹெமிஸ்பியர்ல (வலது பாதியில). புக்குல இருக்குற கலர் படத்த முறைச்சுப் பாக்காம வெத்துப் பேப்பர்ல நாலு கோடு நீங்களே போடுங்க. கயாஸ்மாவ நடுவுல வெட்டினா ரெண்டு ஓரமும் ஏன் தெரியாமப் போகுதுன்னு அந்தக் கோட்டுலயே புரிஞ்சிடும்.

கலர் தியரில ஹெல்ம்ஹோல்ட்ஸா ஹெரிங்கான்னு சண்டை வேணாம். கோன் (கண்ணுல கலரப் பிடிக்குற செல்) லெவல்ல ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்ன மூணு வகை, அதத் தாண்டினா ஹெரிங் சொன்ன சிவப்பு-பச்சை, நீலம்-மஞ்சள்னு எதிரெதிர் ஜோடி. ரெண்டு பேரும் சரிதான், இடம்தான் வேற.

இல்யூஷன்னாலே "டாப்-டவுன்"னு (நமக்கு ஏற்கனவே தெரிஞ்சதுதான் பார்வைய மாத்துதுன்னு) எழுதிட்டுப் போறது இன்னொரு பழக்கம். 1889-லயே வந்த முல்லர்-லையர் படத்துல ஒரு கோட்டு முனைல அம்புக்குறி உள்பக்கமாவும் இன்னொண்ணுல வெளிப்பக்கமாவும் இருக்கும், அந்தக் கோடு ரெண்டையும் ஸ்கேல் வச்சு அளந்து சமம்னு தெரிஞ்ச பிறகும் ஒண்ணு நீளமாத்தானே தெரியுது? நமக்குத் தெரிஞ்சத கண்ணு கேக்கவே இல்ல. மூளை அம்புக்குறிய கிட்ட-தூரம்னு எடுத்துக்கிட்டு ஏமாறுதுன்னு சைக்காலஜிஸ்ட் கிரெகரி சொன்ன டெப்த் விளக்கத்த முடிஞ்ச தீர்ப்பு மாதிரியும் எழுதாதீங்க, அம்புக்குறிக்குப் பதிலா வட்டம் போட்டாலும் அதே ஏமாத்து வேலை நடக்குது, அதுல ஏது டெப்த்?

அப்புறம் கொரில்லா. 1999-ல சைமன்ஸும் ஷப்ரிஸும் பண்ண சோதனை, வீடியோல பந்து பாஸ் பண்றத எண்ணச் சொன்னாங்க, நடுவுல கொரில்லா வேஷத்துல ஒருத்தர் வந்தாங்க. அதுல "யாருமே பாக்கல"ன்னு எழுதறாங்க, பாக்காதது ஏறக்குறைய பாதிப் பேருதான். அது சேஞ்ச் பிளைண்ட்னஸும் இல்ல. முன்னாடி இருந்தத ஞாபகம் வச்சு இப்ப இருக்குறதோட ஒப்பிடத் தவறினாதான் சேஞ்ச் பிளைண்ட்னஸ், கொரில்லா கண்ணு முன்னாடியே நின்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.