ரேடார் திரை உறைந்துபோனால்: விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் என்ன செய்வது?

திரை இருண்டுவிட்டால் பழுது என்று யாருக்கும் தெரியும். படம் நின்றுபோய், எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும்போதுதான் பேராபத்து. மணிக்கு 480 நாட்டிகல் மைல் வேகத்தில் போகும் விமானம் அரை நிமிடத்தில் 4 நாட்டிகல் மைல் கடந்துவிடும். நெடுவழி ரேடாரில் (விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட வானைப் பார்க்கும் ரேடார்) இரு விமானங்களுக்கு நடுவே வைக்கும் இடைவெளியே பொதுவாக 5 நாட்டிகல் மைல்தான்.

ஓரத்தில் ஓடும் கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். ரேடார் தரவு வருவது நின்ற பிறகும் அது ஓடலாம். திரையில் விமானங்களைக் காட்டும் குறிகளைப் பாருங்கள்: விமான நிலைய ரேடாரில் 4-5 நொடிக்கு ஒருமுறையும், நெடுவழி ரேடாரில் 10-12 நொடிக்கு ஒருமுறையும் அவை நகர வேண்டும். இரண்டு சுற்று நகராவிட்டால் சந்தேகப்படுங்கள். குறி நகர்ந்தாலும் அதன் வடிவம் மாறியிருக்கிறதா என்று கவனியுங்கள். ரேடாருக்குப் பதில் வராத விமானத்தைக் கணினி பழைய வேகத்தை வைத்து ஊகித்து நகர்த்திக்கொண்டிருக்கலாம். ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும் ஒரு விமானத்தை அழைத்து உயரம் கேளுங்கள். ஆர்.வி.எஸ்.எம். வான்வெளியில் (1,000 அடி உயர இடைவெளி மட்டுமே வைக்கும் மேல்வானில்) திரையில் உள்ள எண்ணோடு 200 அடிக்கு மேல் வேறுபட்டால் அந்த எண்ணை வைத்து இடைவெளி கணக்கிடாதீர்கள்.

பழுது உறுதியானதும் சூப்பர்வைசருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள். பக்கத்து செக்டார்களிலிருந்து (மற்றவர்கள் பார்க்கும் வான்பகுதிகளிலிருந்து) புதிய விமானம் வருவதையும், தரையிலிருந்து புறப்பாட்டையும் அவர் நிறுத்த வேண்டும். நீங்கள் ரேடியோவை விடாதீர்கள்.

முதல் வேலை உயரத்தைப் பிரிப்பது. ஒரே உயரத்தில் எதிரெதிராகவோ குறுக்காகவோ வரும் ஜோடிகளை முதலில் எடுங்கள். வழக்கமான இடைவெளி 1,000 அடி. உடனே அது முடியாவிட்டால், அவசரத்துக்கு அதில் பாதியைத் தற்காலிகமாகப் பயன்படுத்த ஐ.சி.ஏ.ஓ. (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதி இடம் தருகிறது.

அடுத்தது பலரும் மறப்பது: நீங்கள் திசை கொடுத்துத் திருப்பிவிட்ட விமானங்கள். திரை போனதும் அவை எங்கே போகின்றன என்று பார்க்க ஆளில்லை. ஒவ்வொன்றையும் பெயருள்ள ஒரு புள்ளிக்குச் விமானியே வழி பார்த்துப் போகச் சொல்லுங்கள். மலைப்பகுதியில் தாழ்வாக இருப்பவற்றை முதலில் பாதுகாப்பான குறைந்தபட்ச உயரத்துக்கு ஏற்றுங்கள். பிறகு ஸ்ட்ரிப்பில் (ஒவ்வொரு விமானத்துக்கும் வைக்கும் குறிப்புப் பட்டையில்) அழைப்புப் பெயர், கடைசியாகச் சொன்ன இடம், உயரம், நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். நேரம் எழுதாத ஸ்ட்ரிப்பால் பயனில்லை.

விமானி டி.சி.ஏ.எஸ். (விமானத்திலேயே உள்ள மோதல் தவிர்ப்புக் கருவி) எச்சரிக்கைப்படி நகர்வதாகச் சொன்னால் மாற்று உத்தரவு தராதீர்கள். 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானில், டி.சி.ஏ.எஸ். ஏறச் சொன்ன விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். குறுக்கே வந்த விமானத்தை அதன் கருவி இறங்கச் சொல்லியிருந்தது. 71 பேர் இறந்தார்கள். அன்று இரவு, அந்த வானைப் பார்த்துவந்த ஜூரிக் அறையில் பராமரிப்பு வேலை நடந்தது. மோதல் எச்சரிக்கை திரையில் வரவில்லை, முக்கியத் தொலைபேசி இணைப்பும் இல்லை, இரண்டு இருக்கைகளை ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். கார்ல்ஸ்ரூஹே என்ற இன்னொரு கட்டுப்பாட்டு மையத்தில் ஆபத்தைப் பார்த்தவர்கள் அழைத்தும் இணைப்பு கிடைக்கவில்லை. அதனால் பராமரிப்பு தொடங்குமுன் எந்த எச்சரிக்கை வராது, எந்த இணைப்பு இருக்காது, பதிலுக்கு என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது ஆளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பேக்கப் இருக்கிறதே என்ற நிம்மதியும் வேண்டாம். 2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனில், ஒரே பெயர்க் குறியீடு கொண்ட இரண்டு வழிப்புள்ளிகள் ஒரு பயணத் திட்டத்தில் வந்தன. திட்டங்களைக் கையாளும் முதன்மைக் கணினி நின்றது. அதே மென்பொருளில் ஓடிய பேக்கப் அதே திட்டத்தை எடுத்து அதே இடத்தில் நின்றது. 2004-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நெடுவழி மையத்தில் ரேடியோ போனதற்குக் காரணம், மில்லிநொடிகளை எண்ணும் ஒரு கணக்கி 49.7 நாளில் தீர்ந்துவிடுவது. 30 நாளுக்கு ஒருமுறை கையால் மறுதொடக்கம் செய்து சமாளித்தார்கள். ஒருமுறை அது தவறியது, பேக்கப்பும் கைகொடுக்கவில்லை. மறுதொடக்கத்தை நினைவூட்டிக்கொண்டே இருப்பதைவிடக் கோளாறைத் திருத்துங்கள்.

திரை திரும்பியதும் பெயர்ப்பட்டைகளை அப்படியே ஏற்காதீர்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகு ஒரு விமானத்தின் பெயர் இன்னொன்றின் குறியில் ஒட்டியிருக்கலாம். ஒவ்வொன்றையும் புதிதாக அடையாளம் காணுங்கள். கடைசி விமானத்தையும் அடையாளம் காணும்வரை உயர இடைவெளியையும் ஸ்ட்ரிப்புகளையும் கலைக்காதீர்கள். அதுவரை விமானங்களின் வரவைக் குறைத்தே வையுங்கள்.