கடற்காற்றில் கோதுமை பியரைச் சுவைப்பது எப்படி? தொடங்குவோருக்கு ஒரு படிமுறை விளக்கம்

கொழும்பிலும் அதன் கரையோரத்திலும் பியர் என்றால் பெரும்பாலானோருக்கு நினைவில் வருவது, பல் கூசும் அளவுக்குக் குளிர்விக்கப்பட்ட லாகர்தான். அந்தப் பழக்கத்தோடு கோதுமை பியரை அருந்தினால், அதிக விலை கொடுத்து வாங்கிய போத்தலின் சிறப்பு முழுவதும் தெரியாமலே போய்விடும். கோதுமை பியரின் உயிர் அதன் மணத்தில் இருக்கிறது. அந்த மணத்தை மிகையான குளிர் அடக்கிவிடுகிறது, கடற்காற்று அடித்துச் சென்றுவிடுகிறது, எண்ணெய்ப் பூச்சு படிந்த கோப்பை நுரையோடு சேர்த்து அழித்துவிடுகிறது. கல்கிசையிலோ நீர்கொழும்பிலோ அமர்ந்து சுவைக்க விரும்புபவர் இந்த மூன்றையும் எவ்வாறு கையாளலாம் என்பதை, நானே செய்து தெளிந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

இலங்கையில் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மதுபானம் விற்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. போயா தினங்களில் விற்பனை இல்லை. எனவே நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். வாகனத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கோட்டையிலிருந்து கல்கிசைக்குக் கரையோர ரயில் இருக்கும்போது வாகனம் ஓட்ட வேண்டிய தேவையும் இல்லை.

படி 1: எதைத் தேர்ந்தெடுப்பது

முதன்முறையாகச் சுவைப்பவருக்கு நான் பரிந்துரைப்பது ஜெர்மனியின் பவேரிய வகையான ஹெஃபெவைசன் மட்டுமே. அங்குள்ள விதிப்படி, அதற்குப் பயன்படும் முளைதானியத்தில் குறைந்தது பாதி கோதுமையாக இருக்க வேண்டும். மீதி பெரும்பாலும் பார்லியாக இருக்கும். ஹொப்ஸ் எனப்படும், பியருக்குக் கசப்புத் தரும் பூவின் கசப்பு மிகக் குறைவு, மதுசாரம் ஏறத்தாழ 5 சதவீதம். இது வடிகட்டப்படாதது என்பதால் ஈஸ்ட் அடியில் தங்கியிருக்கும். கிறிஸ்டல் என்று சீட்டில் எழுதியிருந்தால் அது வடிகட்டப்பட்டுத் தெளிவாக இருக்கும். நல்ல பானந்தான், ஆனால் கற்பதற்கு ஏற்றதன்று. பெல்ஜியத்தின் விட்பியர் வேறு வழியில் செல்வது: அதில் முளைகட்டாத கோதுமையோடு மல்லியும் தோடம்பழத் தோலும் சேர்கின்றன. வழக்கொழிந்து போயிருந்த அந்த வகையை ஹூகார்டன் ஊரில் பியேர் செலிஸ் என்பவர் 1966இல் மீண்டும் வடிக்கத் தொடங்கினார். அமெரிக்கச் சிறுவடிசாலைகளின் கோதுமை பியர்களில் பல, மணம் குறைந்த ஈஸ்ட்டைக் கொண்டு செய்யப்படுவதால், ஹெஃபெவைசனுக்கு உரிய வாழைப்பழ மணத்தையும் கராம்பு மணத்தையும் எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாற்றம் அடைவார்.

பவேரிய வகையை நான் முன்னிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கு 1516ஆம் ஆண்டின் சட்டம் பியருக்கு பார்லி, ஹொப்ஸ், நீர் ஆகியவற்றை மட்டுமே அனுமதித்தது. கோதுமை பியர் வடிக்கும் உரிமை நீண்ட காலம் ஆளும் குடும்பத்தின் கையில் இருந்தது. 1872இல் ஜோர்ஜ் ஷ்னைடர் அந்த உரிமையைப் பெற்ற பிறகுதான் அது பொது வடிசாலைகளின் வழியாகத் தழைத்தது. இன்று கைவினை வடிசாலைகள் செய்யும் கோதுமை பியர்களில் பல அந்த மரபையே அளவுகோலாகக் கொள்கின்றன. மூலத்தை அறிந்தவருக்கே மாற்றங்கள் புலப்படும்.

வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். முதலாவது திகதி: கோதுமை பியர் புதிதாக இருக்கும்போதே சிறந்தது, நமது வெப்பத்தில் அது விரைவாகவே முதுமை அடைகிறது. இரண்டாவது, போத்தல் நின்ற இடம். ஹொப்ஸில் உள்ள கசப்புப் பொருள்கள் வெளிச்சம் பட்டால் சிதைந்து துர்நாற்றம் தரும். பழுப்புக் கண்ணாடி அதை ஓரளவு தடுக்கிறது, பச்சையும் நிறமற்றதும் மிகக் குறைவாகவே தடுக்கின்றன. வெயில் படும் காட்சித்தட்டில் நின்ற போத்தலை, விலை குறைத்துக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை. கடையிலிருந்து முச்சக்கர வண்டியில் கொண்டுவரும்போதும் ஒரு துணிப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மூக்கைப் பழக்குதல்

இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், தவிர்க்கவே கூடாது. சுவைப்பதற்கு முன்பு வீட்டிலேயே இரண்டு கராம்பை நசுக்கி ஒரு சிறு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி மூடி வையுங்கள். இன்னொரு கிண்ணத்தில் நன்றாகக் கனிந்த கதலி அல்லது இதரை வாழைப்பழத்தை மசித்து மூடி வையுங்கள். சிறிது நேரம் கழித்து ஒவ்வொன்றாகத் திறந்து முகருங்கள். ஹெஃபெவைசனில் பழமும் சேர்க்கப்படவில்லை, கராம்பும் சேர்க்கப்படவில்லை. இரண்டையும் உண்டாக்குவது ஈஸ்ட். வாழைப்பழ மணம் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டர் வகை வேதிப்பொருளிலிருந்து வருவது, நொதித்தல் வெப்பமாக நடந்தால் பொதுவாகக் கூடும். கராம்பு மணம் தானியத்திலுள்ள ஃபெருலிக் அமிலத்தை ஈஸ்ட் மாற்றுவதால் வருவது. ஆகவே அந்த அமிலம் வெளிப்படும்படி தானியத்தை ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் வெப்பநீரில் சற்று நேரம் ஊறவிடும் வடிப்பாளர் அதனைக் கூட்ட விரும்புகிறார் என்று கொள்ளலாம். இவ்விரண்டின் விகிதத்தை அறிந்துகொண்டால், ஒரு கோப்பையை முகர்ந்தவுடனேயே அதை வடித்தவரின் எண்ணத்தில் பாதியை ஊகித்துவிட முடியும்.

படி 3: குளிரின் அளவு

6 முதல் 8 பாகை செல்சியஸ் போதும். சமையலறையில் பயன்படுத்தும் முனைக்குச்சி வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளும்படி வற்புறுத்துவேன். கையால் தொட்டுப் பார்த்துக் குளிரை மதிப்பிடுவது நம்பத்தக்க முறையன்று, ஏனெனில் ஈரமான வெளிக்காற்றில் போத்தலின் மேல் வியர்க்கும் நீரே கையை ஏமாற்றிவிடும். குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் போத்தலை வைக்காதீர்கள். ஒரு வாளியில் ஐஸ்கட்டியும் தண்ணீரும் சம அளவில் நிரப்பி, போத்தலைக் கழுத்தளவு அமிழ்த்தி நிமிர்த்தி வைத்தால் அரை மணி நேரமளவில் குளிர்ந்துவிடும். தனி ஐஸ்கட்டியைவிடத் தண்ணீர் கலந்த ஐஸ் போத்தலை எல்லாப் பக்கமும் தொடுவதால் விரைவாகக் குளிர்விக்கும்.

கடற்கரை விடுதிகளில் கோப்பையையே உறையவைத்துக் கொடுப்பார்கள். அன்போடு செய்யும் உபசரிப்புத்தான். இருந்தாலும் சாதாரணக் கோப்பையைக் கேட்டு வாங்குங்கள். உறைந்த கோப்பையில் ஊற்றிய கோதுமை பியர் மணமற்ற புளிப்பு நீராகவே முதல் மிடறில் தோன்றும்.

படி 4: கோப்பை

500 மில்லிலீற்றர் கொள்ளும், அடி ஒடுங்கி மேல் அகன்ற உயரமான வைசன் கோப்பைதான் மரபு. அது கிடைத்தால் அழகு. கிடைக்காவிட்டால், வாய் சற்றுக் குவிந்த வைன் கோப்பையே எனது முதல் தேர்வு. கடற்கரைக்கு அதுவே வைசன் கோப்பையைவிட மேலானது என்றுகூடச் சொல்வேன். கோப்பையைக் கழுவும் பஞ்சு தேங்காயெண்ணெய்ப் பாத்திரங்களைத் தொட்டதாக இருக்கக் கூடாது. துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள், ஊற்றுமுன் குளிர்ந்த நீரால் ஒருமுறை அலசுங்கள். ஊற்றிய பின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் கோப்பை சுத்தமில்லை என்று பொருள்.

படி 5: ஊற்றுதல்

கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, பியர் சுவரோடு வழிந்திறங்கும்படி மெதுவாக ஊற்றுங்கள். கோதுமையின் புரதம் மிகுந்திருப்பதாலும் வாயு லாகரைவிட அதிகமாக அடைக்கப்பட்டிருப்பதாலும் நுரை எதிர்பாராத வேகத்தில் எழும். வைசன் கோப்பையாக இருந்தால், போத்தலில் இரண்டு விரல் அளவு மிஞ்சும்போது நிறுத்தி, போத்தலைச் சுழற்றி, அடிமண்டியாக இருக்கும் ஈஸ்ட்டைக் கலக்கி அதையும் நுரையின் மேல் ஊற்றுங்கள். சிறிய வைன் கோப்பையாக இருந்தால், முதல் கோப்பையை மண்டி இல்லாமலும் அடுத்ததை மண்டியோடும் சுவையுங்கள். ஈஸ்ட் என்ன செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி வேறு இல்லை: முதலாவது மெலிந்தும் தெளிந்தும் இருக்கும், இரண்டாவது பாண் மாவின் மணமும் வாயில் ஒரு பருமனும் பெற்றிருக்கும்.

படி 6: காற்றிலிருந்து காத்தல்

எனக்கு நெடுநாள் பிடிபடாதிருந்த படி இதுதான். கொழும்பில் வீட்டுக்குள் அத்தனை மணமும் தந்த அதே பியர், கடலோர மேசையில் ஏன் வெறுமையாக இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. போத்தல் பழுதோ, சேமிப்புக் குறையோ என்றெல்லாம் எண்ணிப் பார்த்த பிறகுதான் காற்றைக் கவனித்தேன். நுரையில் உடையும் ஒவ்வொரு குமிழியும் மணப்பொருள்களை மேலே கொண்டுவந்து கோப்பையின் வாய்க்குள் சேர்க்கிறது. அங்கே அவை திரண்டு நின்றால்தான் மூக்குக்கு எட்டும். அகன்ற வாயுள்ள கோப்பையின் மீது காற்று இடைவிடாமல் வீசினால் திரள்வதற்கே நேரமில்லை. போதாததற்கு, உப்புக்காற்றும் கருவாட்டு வாடையும் பொரிக்கும் எண்ணெயின் புகையும் மூக்கை ஏற்கெனவே நிரப்பியிருக்கும்.

ஆகவே கடலைப் பார்க்கும் முதல் வரிசை மேசையை விட்டுக்கொடுத்து, பின்னால் சுவர் இருக்கும் மேசையைத் தேர்ந்தெடுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி அமருங்கள். கோப்பையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். எஞ்சிய வெற்றிடமே மணம் தங்கும் அறை. உள்ளங்கையால் கோப்பையின் வாயை மூடி, ஒருமுறை மெல்லச் சுழற்றி, கோப்பையை மூக்கின் அருகே கொண்டுவந்த பிறகு கையை எடுங்கள். நேரத்தையும் கவனியுங்கள். கடற்காற்று பிற்பகலில் வலுத்து, சூரியன் மறைந்த பின் தணியும் இயல்புடையது. எனவே பொழுது சாய்ந்ததும் தொடங்குவது நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையை மோதும் காலத்தில் வெளியில் சுவைக்க முயல வேண்டாம், உள்ளே அமருங்கள். திசெம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களே இதற்கு உகந்தவை.

படி 7: முகர்ந்து, அருந்தி, மறுபடியும் முகர்தல்

முதலில் நீண்ட மூச்சாக இழுக்காமல் சிறு சிறு மூச்சாக முகருங்கள். வாழைப்பழம் முன்னிற்கிறதா, கராம்பா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவை பிறகு வரும். அடுத்து ஒரு மிடறு எடுத்து நாவெங்கும் பரவவிட்டு விழுங்கி, வாயை மூடியபடி மூக்கின் வழியே மூச்சை வெளியே விடுங்கள். தொண்டையின் பின்பக்கமாக மூக்கை அடையும் மணம் அப்போதுதான் முழுமையாகத் தெரியும், அதற்குக் கடற்காற்றாலும் இடையூறு செய்ய முடியாது. முளைதானியத்தின் இனிப்பு, கோதுமையின் மெல்லிய புளிப்பு, முடிவில் நா உலர்ந்து சுத்தமாகும் உணர்வு என்ற வரிசையில் கவனியுங்கள். கசப்பு பெரிதாகத் தென்பட்டால் அது மரபான ஹெஃபெவைசன் அன்று.

இனி பத்து நிமிடம் காத்திருங்கள். கரையோர வெப்பத்தில் பியர் தானாகவே 10, 12 பாகைக்கு ஏறிவிடும். நாம் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மறுபடி முகர்ந்தால் முதலில் அடங்கியிருந்த மணம் விரிந்திருக்கும். ஈரமான காகித அட்டையின் வாடை எழுந்தால் பியர் பழையது. வெண்ணெய் வாடை அல்லது வினாகிரியின் கூர்மை எழுந்தால் வடிப்பிலோ சேமிப்பிலோ குறை உண்டு. சோயா சோஸ் போன்ற இறைச்சி மணம், ஈஸ்ட் மடிந்து சிதைந்ததன் அடையாளம்.

உணவு குறித்து: மிளகாயில் புரட்டிய டெவில் வகை பைட்ஸை முதலில் உண்ணாதீர்கள். காரத்தின் எரிச்சலை வாயு மேலும் தூண்டிவிடும். அதன் பிறகு கராம்பு மணமெல்லாம் நாவுக்கு எட்டாது. இடையில் வெறும் பாண் துண்டும் தண்ணீரும் போதும். சுவைத்து முடித்த பின், உப்பு மட்டும் தடவிச் சுட்ட இறாலோ மெலிதாகப் பொரித்த கணவாயோ மிகப் பொருத்தம். நீர்கொழும்பில் களப்பு இறால் கிடைக்கும் நாளாக இருந்தால் அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

பிற்சேர்க்கை

தேசிக்காய்த் துண்டைக் கோப்பையில் செருகலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்பதே எனது உறுதியான கருத்து. அதன் தோல் எண்ணெய் நுரையைச் சிதைக்கும், மணம் ஈஸ்ட்டின் மணத்தை மூடிவிடும். விடுதியில் கேளாமலே செருகிக் கொடுப்பதால், பியரைக் கேட்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மதுசாரம் அருந்தாத ஒரு வாசகர், தாமும் இதைச் செய்து பார்க்க முடியுமா என்று வினவினார். மதுசாரம் நீக்கிய கோதுமை பியர்கள் ஜெர்மனியில் விளையாட்டு வீரர்கள்கூட விரும்பி அருந்துபவை. அவற்றிலும் ஈஸ்ட் இருக்கும்; இனிப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும் என்பதைத் தவிர மேற்கூறிய படிகள் அனைத்தும் அப்படியே பொருந்தும்.

ரின்னில் அடைத்த பியரில் அடிமண்டியைச் சுழற்றிக் கலக்க முடியவில்லை என்று எழுதியவர்களுக்கு: திறப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே ரின்னை மேசையில் படுக்கவைத்து மென்மையாக உருட்டுங்கள், பின்னர் நிமிர்த்தி வைத்து வாயு அடங்கியதும் திறவுங்கள். குலுக்கினால் நுரை முழுவதும் மேசைக்கே போய்ச் சேரும்.