மீட்ட ஆமையைக் குளத்தில் விடும் முன்

வழியில் கிடைத்த ஆமையை ஆளிடம் ஒப்படைக்கவோ குளத்தில் விடவோ கிளம்பும் முன், அதன் கண்ணுக்குப் பின்னால் பாருங்கள். அங்கே பட்டையாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்புக் காது ஆமை. யாரோ தொட்டியில் வளர்த்து, பெரிதானதும் கைகழுவியது.

இதை நம் குளத்தில் விடக்கூடாது. நாட்டு ஆமைகளின் தீனியையும் வெயில்காயும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும். கன்னியாகுமரி மாவட்டத்தின் சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை, அங்கே கண்டிப்பாக வேண்டாம். இதை வளர்க்கப் பெரிய தொட்டியும் பொறுமையும் உள்ளவரைத் தேடுங்கள். 20 வருடத்துக்கு மேல் வாழும், கேட்பவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முகத்தைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் பாதிக் கேள்விகள் குறையும்.

கோடு இல்லையா? நம் நாட்டு ஆமைகளான பால் ஆமையோ நட்சத்திர ஆமையோ ஆக இருக்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இவற்றை வீட்டில் வைக்கவே கூடாது, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வயதான ஆமைகளில் சிவப்பு மங்கிக் கறுத்துவிடும், அப்போது இந்த அடையாளம் உதவாது. காராமை (கறுப்பு நிற நாட்டு ஆமை) சிலவற்றின் தலையிலும் செம்புள்ளிகள் உண்டு. புள்ளி வேறு, கோடு வேறு. கடற்கரையில் துடுப்புக் கால்களோடு கிடந்தால் அது கடலாமை, இந்தக் கணக்கிலேயே வராது.